பரவாயில்லக்கா சொன்ன ஒரே வாக்கியம்

எங்கக்காவ ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. பரவாயில்லக்கா, அவ்வளவுதான். கையில கொதிநீர் தெறிச்சுதா, பரவாயில்ல. அவ கேட்ட லீவை இன்னொருத்திக்குக் கொடுத்துட்டாங்களா, பரவாயில்ல. அந்த ஒத்தை வார்த்தைய வச்சே அம்பத்திமூணு வருஷம் ஓட்டிட்டா மகராசி. நான் அதுக்கு நேர் எதிர். எனக்குக் கோவம் மூக்கு மேல நிக்கும். ரெண்டும் ஒரே வயித்துல பொறந்ததுதானான்னு பாக்கறவங்க எல்லாம் கேப்பாங்க.

அவ வேலையை முதல்ல சொல்லிடறேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னால, தரைத்தளத்துல ஒரு நீளமான அறை. ஒரு பக்கம் துவைக்கிற மெஷினுங்க, ஒரு பக்கம் பாய்லர், நடுவுல மடிக்கிற மேஜை. படுக்கை விரிப்பை ஒரு ஆளா ஒழுங்கா மடிக்க முடியாது. ரெண்டு பேர் ரெண்டு முனையில நின்னு, உதறி, நடந்து வந்து மூலைக்கு மூலை சேக்கணும். ஒரு நாளைக்கு முந்நூறு விரிப்பாவது இருக்கும். அக்காவுக்கு எதிர்ல நின்னவ நெட்டையம்மா. அவ நின்ன இடத்துலேர்ந்து பாத்தா ஜன்னல் தெரியும், ஜன்னலுக்கு வெளிய துணி காயப்போடற முற்றம், அதுக்கு மேல கொஞ்சம் வானம். எங்கக்கா நின்ன இடத்துலேர்ந்து பாத்தா பாய்லர் சுவர். இருபத்தாறு வருஷம் அந்தச் சுவத்தைப் பாத்தே மடிச்சா.

ஒரு நாள் அவ மறந்து வச்சுட்டுப் போன மூக்குக்கண்ணாடியக் கொடுக்கப் போனப்ப இதைப் பாத்தேன். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

"ஏங்க்கா, நீயும் அந்தப் பக்கம் ஒரு நாள் நின்னா என்ன, கிரீடமா இறங்கிடும் அவளுக்கு?"

"கத்தாத பாப்பா. அவளுக்கு ஜன்னல் பிடிக்கும்."

உனக்கு என்ன பிடிக்கும்னு நான் கேக்கல. நெட்டையம்மாவ மனசுக்குள்ள நாலு திட்டு திட்டிட்டு வந்துட்டேன். இந்தக் கதையில நான் பண்ணின தப்பெல்லாம் இந்த மாதிரிதான் இருக்கும்.

இதுல கூத்து என்னன்னா, எனக்கு வேலையே கேக்கறதுதான். செருப்புக்கடையில இருக்கேன். காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் முன்னபின்ன தெரியாதவங்க காலடியில குத்துக்கால் போட்டு உக்காந்து, "கருப்பு பாக்கறீங்களா, பிரவுன் பாக்கறீங்களா? வார் வச்சது வேணுமா, மூடினது வேணுமா? இது கடிக்குதுங்களா?"ன்னு கேட்டுக் கேட்டு வாய் வறண்டு போகும். வீட்டுக்கு வந்தா, எங்ககூடவே இருக்கற அக்காகிட்ட ஒரு கேள்வி கிடையாது. அவளுக்கு எதுவானாலும் சரி. விரிசல் விட்ட தட்டு அவளுக்கு, கடைசியா மிஞ்சினது அவளுக்கு, நடையில போட்டிருக்கற மடக்குக் கட்டில் அவளுக்கு. நாங்க யாரும் கொடுமைக்காரங்க இல்ல. என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டறவர், பூச்சியக்கூட நசுக்க மாட்டார். ஆனா எதுவும் கேக்காதவளுக்கு எதுவும் வேண்டாம்னு ஒரு வீடே முடிவு பண்ணிக்கும் பாருங்க, அப்படி ஆகிப்போச்சு.

சின்ன வயசுலயே அப்படித்தான். ஒரு தடவை அத்தை ரெண்டு குடை வாங்கிட்டு வந்தாங்க, ஒண்ணு சிவப்பு, ஒண்ணு கருப்பு. நான் பாய்ஞ்சு சிவப்பை எடுத்துக்கிட்டேன். ரெண்டு நாள் கழிச்சு கருப்புதான் பெரிசுன்னு தோணுச்சு, அழுதேன், அக்கா மாத்திக் கொடுத்தா. அடுத்த வாரம் மறுபடி அழுதேன், மறுபடி மாத்தினா. அவளுக்கு எந்தக் குடை பிடிச்சுதுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரிக்கு வெளியூர், வெளிநாட்டு நோயாளிங்க வர ஆரம்பிச்சப்ப, வேலைக்காரங்க எல்லாரும் இங்கிலீஷ் கத்துக்கணும்னு உத்தரவு போட்டாங்க. வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மணி நேரம், மடிக்கிற மேஜையச் சுத்தி உக்காந்து பாடம். டீச்சர் இருபத்தஞ்சு வயசுப் பொண்ணு, எப்பவும் ஜலதோஷம். எங்கக்கா கோடு போட்ட நோட்டு ஒண்ணு வாங்கி, அட்டை போட்டு, எழுத்துக் கூட்டி எழுதி எடுத்துக்கிட்டு வருவா. சமையலறையில உக்காந்து படிக்கறதப் பாத்து, "கலெக்டர் பரிச்சை எழுதப் போறா"ன்னு நான் கிண்டல் பண்ணுவேன். கோச்சுக்க மாட்டா.

ஒரு வெள்ளிக்கிழமை பாடம், ப்ரிஃபர். வீட்டுக்கு வந்ததும் எனக்கே பாடம் எடுத்தா.

"லைக்குன்னா பிடிக்கும். அதுக்கு ஒண்ணு இருந்தாப் போதும் பாப்பா. ப்ரிஃபருக்கு ரெண்டு வேணும். ஒண்ணை எடுத்துக்கிட்டு ஒண்ணை விடணும். டீ, காபி ரெண்டும் பிடிக்கலாம், ஆனா ஐ ப்ரிஃபர் டீ டு காபின்னா டீதான் முந்தி. காபி கெட்டதுன்னு அர்த்தம் கிடையாதாம். டீச்சர் ரெண்டு தடவை சொன்னாங்க. விடறது கெட்டதுன்னு அர்த்தம் இல்லையாம். நோயாளிகிட்டயும் அப்படித்தான் கேக்கணுமாம், ஜன்னல் திறந்திருக்கணுமா, சாத்தணுமா, டூ யூ ப்ரிஃபர்னு. மரியாதையா இருக்கும்."

"சரி, நீ என்ன சொன்ன?"

அவ நோட்டை மூடி வச்சுட்டு எழுந்து போயிட்டா. கிளாஸ்ல நடந்ததை அப்புறம் எனக்குச் சொன்னது நெட்டையம்மாதான். ஆளுக்கொரு வாக்கியம், தன்னைப் பத்தி, உண்மையா சொல்லணும்னாங்களாம் டீச்சர். இஸ்திரி போடறவர், "ஐ ப்ரிஃபர் சண்டே டு மண்டே"ன்னார், எல்லாரும் சிரிச்சாங்க. நெட்டையம்மா, "ஐ ப்ரிஃபர் விண்டோ டு வால்"னா. சொல்லி முடிச்சப்புறந்தான் எதிர்ல நின்னவ இருபத்தாறு வருஷமா எதைப் பாத்துக்கிட்டு இருந்தான்னு அவளுக்கே உறைச்சிருக்கு. நாளையிலேர்ந்து இடம் மாத்திக்கலாம்னு கேட்டிருக்கா. எங்கக்கா என்ன சொல்லியிருப்பான்னு நான் சொல்லணுமா?

அவ முறை வந்தப்ப எழுந்து நின்னாளாம். நோட்டு மூலைய மடிச்சா, நிமித்தினா. பக்கத்துல இருந்தவ டீ காபின்னு எடுத்துக் கொடுத்தும் வாய் திறக்கல. கடைசியில, "அடுத்த வாரம் சொல்றேன் டீச்சர்"னு உக்காந்துட்டா. அடுத்த வாரமும் அதேதான். டீச்சரோட வருகைப் பதிவுல அவ பேருக்கு எதிர்ல மட்டும் கட்டம் காலியா கிடந்துச்சு.

"அடிப்பாவி, டீன்னு சொல்லிட்டு வர்றதுக்கு என்ன வந்துச்சு?"ன்னு கேட்டேன்.

"உண்மையா சொல்லணும்னாங்களே. எனக்கு என்னன்னு யோசிச்சுப் பாத்தேன். ஒண்ணும் தோணல." அப்புறம் மெதுவா, "தோணினாலும், ஒண்ணைச் சொன்னா இன்னொண்ணு மனசு சங்கடப்படாதா பாப்பா?"

"காபி உன் மேல கோச்சுக்குமாக்கும்!"

நானும் என் வீட்டுக்காரரும் வயிறு வலிக்கச் சிரிச்சோம். அவளும் சிரிச்சா. நினைச்சாலே எனக்கு இப்ப என் மேலேயே எரிச்சலா வருது.

வயித்து வலியை அவ ஒரு வருஷம் மறைச்சிருக்கா. கேட்டா பரவாயில்ல. கடைசியில மேஜை மேல சாய்ஞ்சு விழுந்து, சக்கர நாற்காலியில வச்சு மேல தள்ளிக்கிட்டுப் போயிருக்காங்க. கட்டி. பல இடத்துக்குப் பரவியாச்சு. டாக்டர் என்னைத் தனியா கூப்பிட்டு, இனிமே வைத்தியம்னு ஒண்ணும் இல்ல, வலி தெரியாம பாத்துக்கலாம், ஒரு மாசமோ ரெண்டு மாசமோன்னார். நான் அங்கயே அவரை ரெண்டு வார்த்தை கேட்டுட்டேன், அவர் என்ன பண்ணுவார் பாவம்.

அந்த ஆஸ்பத்திரியில மூணாவது மாடியில ஒரு சின்ன வார்டு இருக்கு. ஆறே படுக்கை. இப்படிப்பட்டவங்களுக்குத்தான். ஒரு படுக்கை காலியா இருந்துச்சு, ஜன்னல் ஓரம். இருபத்தாறு வருஷம் வேலை பாத்தவ, அதனால அவளுக்குத்தான் முதல்ல கொடுப்பாங்களாம். இல்லேன்னா வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போகலாம், வாரத்துக்கு மூணு நாள் நர்ஸ் வருவாங்க. எதுன்னு தாள்ல குறிச்சுக் கொடுக்கணும். வார்டு சிஸ்டர் தாளை என் கையில கொடுத்து, "அவங்களைக் கேட்டுக் குறிங்கம்மா"ன்னு தெளிவாத்தான் சொன்னாங்க.

தாள் இங்கிலீஷ்ல இருந்துச்சு. "பேஷண்ட் ப்ரிஃபர்ஸ்"னு போட்டு ரெண்டு கட்டம். அட, நம்மக்கா வார்த்தைன்னு எனக்கு ஒரு நிமிஷம் சிரிப்புக்கூட வந்துச்சு. நடைபாதையிலயே, சுவத்துல தாளை வச்சு, வீடுன்னு குறிச்சுட்டேன். யாராவது கடைசிக் காலத்துல வீட்டை விட்டுட்டு ஆஸ்பத்திரியில கிடக்க ஆசைப்படுவாங்களா? நானா அவளை அங்க தள்ளிட்டுப் போவேன்? எனக்கு அதுல ஒரு பெருமை வேற. உள்ள போய், "அக்கா, வீட்டுக்குப் போறோம்"னேன். அவ, "மேல அந்த ஜன்னல்..."னு ஏதோ ஆரம்பிச்சா. "மேலயும் இல்ல கீழயும் இல்ல, நீ எங்கயும் கிடக்க வேண்டாம், நான் இருக்கேன்"னு பையக் கட்ட ஆரம்பிச்சுட்டேன். சிஸ்டர் குனிஞ்சு, "உங்களுக்குச் சரியாக்கா?"ன்னு கேட்டாங்க.

"பரவாயில்ல சிஸ்டர்"னா.

எங்க படுக்கையறைய அவளுக்குக் கொடுத்தோம். நானும் வீட்டுக்காரரும் நடைக்கு வந்துட்டோம். அந்த அறை ஜன்னலைத் திறந்தா ரெண்டடியில பக்கத்து வீட்டுச் சுவர். அப்ப அதை நான் யோசிக்கல. காலையில எல்லாத்தையும் கைக்கெட்டற மாதிரி வச்சுட்டு நான் கடைக்குப் போயிடுவேன், பகல்ல எதிர்வீட்டம்மா வந்து பாப்பாங்க. ஒரு நாள் மதியம் சீக்கிரம் வந்தேன். அக்கா சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு சமையலறையில நின்னு டம்ளர் கழுவிக்கிட்டு இருந்தா. காலெல்லாம் நடுங்குது. எனக்கு வந்த கோவத்துல டம்ளரைப் பிடுங்கி வச்சேன். "எனக்கு வேலைதானே வைக்கற நீ, விழுந்து தொலைஞ்சா?"ன்னு கத்தினேன். "தப்புதான் பாப்பா"ன்னா. அவ வீட்டுக்கு வந்ததுலேர்ந்து அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தா. தண்ணி கேட்டாலும் தப்புதான், விரிப்பு நனைஞ்சாலும் தப்புதான். எதிர்வீட்டம்மாவைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு நான் வர்ற வரைக்கும் ஒண்ணுக்குக்கூட அடக்கிக்கிட்டுக் கிடந்திருக்கா.

மூணாவது வாரம் ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் டீச்சரும் நெட்டையம்மாவும் பாக்க வந்தாங்க. நெட்டையம்மா வாசல்லயே அழுதுட்டா. டீச்சர் அழல. கட்டில் ஓரம் உக்காந்து, பையிலேர்ந்து வருகைப் பதிவை எடுத்து விரிச்சாங்க.

"அக்கா, உங்க கட்டம் மட்டும் இன்னும் காலியா இருக்கு. ஒரு வாக்கியம் தரணும் நீங்க."

சும்மா சிரிக்க வைக்கத்தான் கேட்டிருப்பாங்க. அக்கா போர்வைய விலக்கினா. எழுந்து நிக்கணும்னு நினைச்சாளோ என்னவோ, முழங்கையை ஊனி நிமிந்து உக்காந்தா. கிளாஸ்ல சொல்ற மாதிரி, ஒவ்வொரு வார்த்தையா சொன்னா.

"ஐ ப்ரிஃபர் தேர்ட் ஃப்ளோர் டு ஹோம்."

டீச்சர் தூக்கின பேனா தூக்கினபடியே இருந்துச்சு. நெட்டையம்மாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆச்சு. எனக்கு உடனே புரிஞ்சுடுச்சு. செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு. டீச்சர் தடுமாறி, "ரொம்பச் சரிக்கா, தப்பே இல்ல"ன்னு சொல்லி அந்தக் கட்டத்துல குறிச்சாங்க. அஞ்சு நிமிஷத்துல ரெண்டு பேரும் கிளம்பிட்டாங்க.

கதவைச் சாத்தினதும் நான் ஆடித் தீத்துட்டேன்.

"என்ன குறை வச்சேன்? சொல்லு! இருக்கற ஒரு அறையக் கொடுத்துட்டு நடையில கிடக்கறேன். அடுத்தவங்க முன்னால என் மானத்தை வாங்கறியே! என்கிட்டச் சொல்ல வாய் வரல, அவளுங்ககிட்ட இங்கிலீஷ் வருதோ?"

"தமிழ்ல வரல பாப்பா." மூச்சு வாங்கிச்சு அவளுக்கு. "தமிழ்ல சொன்னா உனக்கு வலிக்கும். அதுல சொன்னா பாடம்."

நான் கட்டில் ஓரத்துல உக்காந்தேன்.

"வீடு பிடிக்கலன்னு நான் சொல்லல. டீச்சர் சொன்னாங்கல்ல, விடறது கெட்டதுன்னு அர்த்தம் இல்ல. அங்க தண்ணி கேட்டா அது அவங்க வேலை, கொடுத்துட்டுப் போயிடுவாங்க. இங்க கேட்டா நீ எழுந்திரிக்கணும். உன் முகத்தைப் பாத்துட்டு எனக்கு தாகமே போயிடுது." கொஞ்சம் நிறுத்தி, "அந்த ஜன்னல்லேர்ந்து பாத்தா கீழ முற்றம் தெரியும். விரிப்பு காயறதை நான் மேலேர்ந்து பாத்ததே இல்ல. மதியம் சலவைக்கூடத்து ஆளுங்க எல்லாரும் வெளிய வந்து உக்காருவாங்க. கைய ஆட்டினா தெரியும்."

அவ வாழ்நாள்ல என்கிட்ட ஒண்ணு வேணும்னு சொன்னது அதுதான். அதைக் கொடுத்துடணும்னு எனக்கு வெறியே வந்துச்சு. மறுநாள் கடைக்கு லீவு போட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஜன்னல் ஓரப் படுக்கையில ஒரு வயசானவர் படுத்திருந்தார். ஆறும் நிரம்பியாச்சு. சிஸ்டர் அலமாரியிலேர்ந்து தாளை எடுத்து என் முன்னால வச்சாங்க. பேஷண்ட் ப்ரிஃபர்ஸ், வீடு. என் கையெழுத்து. "நீங்கதானேம்மா எழுதிக் கொடுத்தீங்க? பேரைக் குறிச்சு வைக்கறேன், காலியானா கூப்பிடறேன்"னாங்க. காலியானான்னா என்ன அர்த்தம்னு எனக்கும் தெரியும், அவங்களுக்கும் தெரியும். இன்னொருத்தர் போகணும்னு வேண்டிக்கிட்டு இருந்தேன் நான், பாவி.

அதுக்கப்புறம் பன்னெண்டு நாள் நான் கடைப் பக்கமே போகல. எதுக்கெடுத்தாலும் அவகிட்டக் கேட்டேன். ஜன்னல் திறக்கவா சாத்தவா, தலையணை ஒண்ணா ரெண்டா, விளக்கு வேணுமா வேண்டாமா. முதல்ல பரவாயில்லன்னா. "அந்த வார்த்தை இனிமே இந்த வீட்டுல செல்லாது"ன்னேன். அப்புறம் ஒவ்வொண்ணா வெளிய வந்துச்சு. சுடுதண்ணி வேண்டாம், வெதுவெதுன்னு போதும். கண்ணாடி டம்ளர் வேண்டாம், அந்த நீல டம்ளர். "நீ பாட்டு முணுமுணுக்காத பாப்பா, தலை வலிக்குது. முப்பது வருஷமா வலிக்குது." அழுதுக்கிட்டே சிரிச்சேன். என் வீட்டுக்காரர் பழக்கடையிலேர்ந்து ஃபோன் பண்ணி ஆரஞ்சா ஆப்பிளான்னு கேப்பார். முன்னெல்லாம் "எதையோ வாங்கிட்டு வாங்க"ம்பேன். இப்ப, "இருங்க, கேட்டுச் சொல்றேன்"னு அறைக்கு ஓடுவேன். சில சமயம் பதில் வர ரெண்டு நிமிஷம் ஆகும். அவர் லைன்லயே இருப்பார்.

கைபேசியை அவ பக்கத்துலயே வச்சிருந்தேன். அது அடிக்கறப்பல்லாம் அவ கண்ணைத் திறந்து பாப்பா. "ஆஸ்பத்திரியா?"ன்னு வாயால கேக்க மாட்டா, கண்ணுதான் கேக்கும். நான் இல்லன்னு தலையாட்டுவேன். கடைசி ரெண்டு நாள் கண்ணைத் திறக்கல. பன்னெண்டாம் நாள் காலையில, பக்கத்து வீட்டுச் சுவத்துப் பக்கமா முகத்தைத் திருப்பினபடி போயிட்டா.

அக்கா மேல போத்தறதுக்கு நெட்டையம்மா அவளா மடிச்ச ஒரு புது விரிப்பு கொண்டு வந்தா. ஒரு ஆளா மடிச்சது, மூலை சரியா சேரல. எங்கக்கா பாத்திருந்தா பிரிச்சு மறுபடி மடிச்சிருப்பா.

எல்லாம் முடிஞ்சு, அவ போன அஞ்சாம் நாள் நான் கடைக்குத் திரும்பினேன். வீட்டுல உக்காந்தா சுவரு பிடிச்சுத் தின்னுது. சாயங்காலம் ஒரு அம்மாவுக்கு ரெண்டு ஜோடி எடுத்துப் போட்டு, ஒரு கால்ல ஒண்ணு, இன்னொரு கால்ல ஒண்ணுன்னு மாட்டி விட்டுக்கிட்டு இருந்தேன். கைபேசி அடிச்சுது. காதுக்கும் தோளுக்கும் நடுவுல இடுக்கிக்கிட்டுப் பேசினேன். மூணாவது மாடி, வேற ஒரு சிஸ்டர், புதுக் குரல்.

"படுக்கை காலியாயிடுச்சும்மா. ஜன்னல் ஓரம். உங்கக்கா இப்பவும் இங்கதான் வர விரும்பறாங்களா, இல்ல வீடே இருக்கட்டும்கறாங்களா?"

"இருங்க சிஸ்டர், கேட்டுச் சொல்றேன்"னேன்.

வாயிலேர்ந்து வந்துடுச்சு. கையில அந்தம்மா பாதத்தைப் பிடிச்சபடியே நான் அப்படியே உக்காந்துட்டேன்.

"சரிம்மா, நிதானமா கேளுங்க. நான் லைன்லயே இருக்கேன்"னாங்க சிஸ்டர்.